மன்னரின் நீலப் பல்

1901-ஆம் ஆண்டு நியூயார்க்குக்கு வெளியே கடலில் ஒரு பாய்மரப் படகுப் பந்தயம் நடந்தது. அமெரிக்கர்களின் படகுக்குப் பெயர் கொலம்பியா. அதை எதிர்த்து அட்லாண்டிக்கைக் கடந்து வந்தது இரண்டாம் ஷாம்ராக் என்ற படகு. அதன் சொந்தக்காரர் வேறு யாருமல்ல. நம்மவர்களின் சமையலறை அலமாரி வரையில் தம் பெயரைக் கொண்டுவந்து வைத்துவிட்ட தேயிலை வியாபாரி ஸர் தாமஸ் லிப்டன்தான். கொலம்பியா ஜெயித்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பந்தயத்தை அல்ல. பந்தயச் செய்தியைக் கரையிலுள்ள பத்திரிகைகளுக்கு யார் முந்தி அனுப்புவது என்று அதே கடலில் இன்னொரு பந்தயமும் நடந்தது.

ஒரு செய்தி ஸ்தாபனத்துக்காக மார்க்கோனி கம்பெனியார் கம்பியில்லாத் தந்தியுடன் வந்திருந்தார்கள். போட்டி ஸ்தாபனம் லீ டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்க இளைஞரை அமர்த்திக்கொண்டது. இந்த இருவர் போதாதென்று மூன்றாவது கம்பெனி ஒன்றும் தன் கருவியோடு வந்து சேர்ந்தது. தீப்பொறியைக் கொண்டு அலை எழுப்பிய காலம் அது. தீப்பொறி எழுப்பும் அலை, இன்ன இடத்தில்தான் இருப்பேன் என்று ஒழுங்காக இராது. சந்தையில் தமுக்கு அடித்த மாதிரி எங்கும் பரவும். மூன்று பேரும் ஒரே சமயத்தில் தமுக்கு அடித்தார்கள். கரையில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் வெறும் இரைச்சல். கம்பியில்லாத் தந்தி பிறந்து பால்பல்கூட விழவில்லை. அதற்குள் வீட்டில் சக்களத்திச் சண்டை வந்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, 1903-இல், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர் ஃபிளெமிங் ஒரு பிரசங்கம் செய்தார். கார்ன்வால் கரையிலிருந்து மார்க்கோனி அனுப்பும் செய்தி அந்த மண்டபத்திலேயே வந்து விழும் என்று ஏற்பாடு. மார்க்கோனியின் செய்தி வருவதற்கு முன்பே கருவி தானாகப் பேச ஆரம்பித்தது. 'எலிகள்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு மார்க்கோனியைக் கேலி செய்யும் பாட்டு வந்தது. அனுப்பியவர் நெவில் மாஸ்கலின் என்ற செப்பிடு வித்தைக்காரர். மார்க்கோனி தம்முடைய முறையில் குறுக்கீடே வராது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது மெய்யல்ல என்று காட்டத்தான் இந்த வித்தையைச் செய்தேன் என்றார் மாஸ்கலின். ஃபிளெமிங் கோபத்தோடு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். எனக்கு என்னவோ வித்தைக்காரர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது.

ஆக, ஆகாயத்தில் ஒருவர் பேச்சை இன்னொருவர் குலைப்பது புதிய சங்கதியல்ல. நூற்றிருபது ஆண்டுச் சரித்திரம் உண்டு அதற்கு. நான் அந்தச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு புலவர்.

பெயர் வேண்டாம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எனக்கு மூத்தவர். கண்ணில் நீர் அழுத்தம் வந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். ஆனாலும் தினம் படிக்கிறார், தினம் எழுதுகிறார். அவர் மேஜையில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதிலே ஓர்கா என்று ஒரு மென்பொருள். திரையில் உள்ளதை அது வாய்விட்டு வாசிக்கும். சன் மைக்ரோஸிஸ்டம்ஸ் என்ற கம்பெனியில் உருவாகி, 2006-இல் லினக்ஸின் க்னோம் மேஜைத்தளத்தோடு சேர்ந்துகொண்டது. அதற்காக ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. புலவர் ஒரு விசையைத் தட்டினால் அது அந்த எழுத்தைச் சொல்லும். ஒரு சொல் முடிந்தால் சொல்லைச் சொல்லும். காதுதான் அவருக்குக் கண், விரல்தான் பேனா.

அவர் எழுதிக்கொண்டிருந்தது, தம் ஊரில் அவர் சிறுவயதில் வழங்கிய சொற்களின் தொகுப்பு. வண்டிக்காரர், வண்ணார், கொத்தர் முதலியோர் தம் தொழிலில் வழங்கிய சொற்கள். இவற்றைத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். இவரும் போனால் சொற்களும் போகும். அதனால் அவசரம்.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதென்று ஓர்காவின் குரலைக் கேட்கக் கம்பியில்லாத ஹெட்போன் ஒன்று வாங்கினார். சாய்வு நாற்காலியில் மடிமேல் வைத்து எழுதக் கம்பியில்லாத கீபோர்டு ஒன்றும் வந்தது. சில மாதம் சௌகரியமாகவே போயிற்று. பிறகுதான் பேய் புகுந்தது. குரல் திக்கும், நடுவில் இரண்டு சொல்லை விழுங்கும். விசையை ஒரு தடவை தட்டினால் 'க' என்பது 'ககககக' என்று ஓடும். கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். "இந்த லினக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறே போடுங்க, இல்லாட்டி புது மிஷின் வாங்குங்க" என்று சொல்லி, வந்ததற்குக் கூலியும் வாங்கிக்கொண்டு போனார்.

நான் போனபோது புலவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஐயா, இன்றைக்கு எழுதவில்லையா?" என்றேன்.

"எட்டு நாளாச்சு தம்பி. எனக்கு இரண்டாந்தரமாகக் கண் போயிற்று" என்றார்.

இதற்குப் பதில் சொல்ல எனக்கு வாயெழவில்லை. அவருடைய பேத்தி கல்லூரியில் படிப்பவள். அவள்தான், "மாமா, நாமே ஒவ்வொன்றாகப் பார்ப்போமே" என்றாள். பார்த்தோம். அந்த ஆராய்ச்சியில் நாங்கள் நுழைந்த சந்து பொந்துகளிலெல்லாம் ஒரு சரித்திரம் உட்கார்ந்திருந்தது. அதைத்தான் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வானொலி, டெலிவிஷன், விமானம், போலீஸ் என்று ஒவ்வொருவருக்கும் ஆகாயத்தில் பட்டா போட்டுக் கொடுத்த அலைவரிசை உண்டு. அதில் வேறொருவர் கால் வைக்கக் கூடாது. ஆனால் 2,400 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையில் உள்ள பட்டை அப்படியல்ல. அது புறம்போக்கு. 1947-இல் அட்லாண்டிக் ஸிட்டியில் கூடிய சர்வதேச மாநாட்டில், செய்தி அனுப்புவதற்கல்லாமல் வேறு காரியங்களுக்கு அலையைப் பயன்படுத்துவோருக்கென்று சில பட்டைகளை ஒதுக்கினார்கள். வேறு காரியம் என்றால் என்ன? முக்கியமாகச் சமையல்! ரேதியான் கம்பெனியைச் சேர்ந்த பெர்ஸி ஸ்பென்ஸர் என்பவர் 1945-இல், ராடார் குழாயின் பக்கத்தில் நின்றபோது சட்டைப் பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கண்டு மைக்ரோவேவ் அடுப்புக்கு வழி கோலினார் என்பார்கள். இன்று வீடுகளில் உள்ள அந்த அடுப்பு 2,450 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. புறம்போக்கின் நட்ட நடுவில் அடுப்பு மூட்டியாயிற்று.

குப்பைமேடு என்று எல்லோரும் ஒதுக்கிய இந்த நிலத்தில் குடியேறலாம் என்று 1985-இல் அமெரிக்க அரசாங்கத்தின் தொடர்பு ஆணையம் உத்தரவிட்டது. அங்கே பொறியியல் அதிகாரியாக இருந்த மைக்கேல் மார்கஸ் என்பவர் முன்னின்று வாதாடிப் பெற்ற உத்தரவு அது. லைசென்ஸ் வேண்டாம், குறைந்த சக்தியில், அலையைப் பரப்பிப் பேசுகிற கருவியாக இருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் தரும் இடைஞ்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. நம் நாட்டில் 2005-இல் இந்தப் பட்டைக்கு லைசென்ஸ் எடுபட்டது. புறம்போக்கு என்றால் சும்மா இருப்பார்களா? வைஃபை வந்து குடிசை போட்டது. கம்பியில்லாத கீபோர்டு வந்தது, மௌஸ் வந்தது, ஹெட்போன் வந்தது, குழந்தைகளின் பொம்மை வந்தது. புலவர் வீட்டு மேஜையில் மட்டும் மூன்று குடித்தனம்: வைஃபை, புளூடூத் ஹெட்போன், தனி ரிசீவர் வைத்த கீபோர்டு. மூன்றும் ஒரே நிலத்தில். ஒன்றுக்கு மற்றொன்றின் பாஷை தெரியாது.

இத்தனை நெரிசலில் பேச முடிவது எப்படி? இங்கேதான் ஒரு சினிமா நடிகை வருகிறார்.

ஹெடி லாமார் 1914-இல் வியன்னாவில் பிறந்தவர். ஆஸ்திரியாவில் ஆயுத வியாபாரம் செய்த ஃபிரிட்ஸ் மாண்டல் என்ற செல்வரை மணந்து, அவர் வீட்டு விருந்துகளில் பேசாமல் அழகாக உட்கார்ந்திருப்பதையே வேலையாகக் கொண்டிருந்தார். விருந்தாளிகள் வெடிகுண்டையும் டார்ப்பிடோவையும் பற்றிப் பேசினார்கள். அழகான பெண்ணுக்குக் காது உண்டு என்பதை அவர்கள் மறந்திருக்க வேண்டும். 1937-இல் அவர் அந்த வீட்டை விட்டு ஓடி, ஹாலிவுட் போய்ச் சேர்ந்தார். மகாயுத்தம் வந்தது. ஒரு விருந்தில் ஜார்ஜ் ஆந்தைல் என்ற சங்கீதக்காரரைச் சந்தித்தார். பல தானியங்கிப் பியானோக்களை ஒரே சமயத்தில் வாசிக்கச் செய்யும் ஒரு கிருதி எழுதிப் பாரிஸில் அமளி உண்டாக்கியவர் ஆந்தைல். தானியங்கிப் பியானோ என்பது துளையிட்ட காகிதச் சுருள் ஓட, அதன்படி தானே வாசிப்பது.

வானொலியால் செலுத்தும் டார்ப்பிடோவை எதிரி எளிதில் குழப்பிவிடுவான். எந்த அலைவரிசையில் உத்தரவு போகிறதென்று கண்டுபிடித்து அங்கே இரைச்சல் போட்டால் போதும். உத்தரவு ஓரிடத்தில் நில்லாமல் அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே இருந்தால்? கப்பலிலும் டார்ப்பிடோவிலும் ஒரே மாதிரித் துளையிட்ட இரண்டு சுருள்கள் ஒரே வேகத்தில் ஓடினால் இருவரும் சேர்ந்தே தாவுவார்கள். எதிரிக்கு மட்டும் அடுத்த தாவல் எங்கே என்று தெரியாது. நம் ஊர்ப் பெண் குழந்தைகள் பாண்டி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு, முன்பே பேசி வைத்த வரிசைப்படி, ஒரே கணத்தில் ஒரே கட்டத்தில் குதித்தால் எப்படி, அப்படி. மொத்தக் கட்டம் 88. பியானோவில் உள்ள கட்டைகளின் எண்ணிக்கையும் அதுவே. 1942 ஆகஸ்டில் இருவருக்கும் பேடன்ட் கிடைத்தது. கடற்படை அந்த யுத்தத்தில் அதைப் பயன்படுத்தவில்லை. அவர் கண்டுபிடித்ததுதான் புளூடூத் என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள்; அது மிகை. தாவும் அலை என்ற யோசனை அவருக்கு முன்பும் சிலருக்குத் தோன்றியதுதான். ஆனால் ஒரு நடிகையும் ஒரு பியானோக்காரரும் சேர்ந்து யுத்த காலத்தில் இதைக் காகிதத்தில் வடித்தார்கள் என்பது பொய்யல்ல. 1997-இல், அவருக்கு எண்பத்திரண்டு வயதில்தான் இதற்காக ஒரு விருது வந்தது.

புளூடூத்தின் பிறந்த வீடு ஸ்வீடன். எரிக்ஸன் கம்பெனியின் லுண்ட் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் 1994-இல் யாப் ஹார்ட்சன் என்ற டச்சு எஞ்சினியர், டெலிபோனையும் அதன் துணைக் கருவிகளையும் கம்பியில்லாமல் இணைக்க ஒரு முறையை வகுக்கத் தொடங்கினார். அவரோடு ஸ்வென் மாட்டிஸன் என்பவரும் சேர்ந்தார். புறம்போக்கு நிலத்தை 79 கட்டமாகப் பிரித்தார்கள். ஒரு விநாடியில் 1,600 தடவை தாவ வேண்டும். ஹெட்போனும் கம்ப்யூட்டரும் அந்த வேகத்தில் பாண்டி ஆடுகின்றன. ஒரு கட்டத்தில் அடுப்பின் சூடோ வைஃபையின் கூச்சலோ இருந்தால், போனது ஒரு குதி. அடுத்த குதியில் சரியாகிவிடும். 2003-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இன்னும் புத்திசாலித்தனம் வந்தது: இரைச்சலுள்ள கட்டங்களைக் குறித்து வைத்துக்கொண்டு அவற்றைத் தவிர்த்துத் தாவும். ஆனால் ஒரு வைஃபை சுமார் இருபது கட்டத்தை அடைத்துக்கொள்கிறது. அக்கம்பக்கத்தில் மூன்று வைஃபை இருந்தால் குதிக்க எங்கே இடம்?

பெயர் வந்த கதை நாவல் எழுதுகிற எனக்கு மிகவும் பிடித்த கதை. 1997-இல் இன்டெல் கம்பெனியின் ஜிம் கார்டாக் என்பவரும் மாட்டிஸனும் டொரன்டோ நகரத்தில், தங்கள் யோசனையை ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொல்லி அது எடுபடாமல் போன வருத்தத்தை ஒரு மதுக்கடையில் ஆற்றிக்கொண்டார்களாம். பேச்சு சரித்திரத்தில் திரும்பியது. மாட்டிஸன், ஃபிரான்ஸ் பெங்ட்ஸன் என்ற ஸ்வீடிஷ் எழுத்தாளர் 1941-இலும் 1945-இலும் இரண்டு பாகமாக வெளியிட்ட வைக்கிங் நாவலைப் பற்றிச் சொன்னார். அதிலே ஹரால்ட் என்ற டேனிஷ் மன்னர் வருகிறார். பட்டப்பெயர் நீலப் பல்லர். கார்டாக் பிறகு வைக்கிங் சரித்திர நூல் ஒன்றையும் படித்து, அந்த மன்னர் நாட்டிய கல்லின் படத்தைப் பார்த்தார். கலைந்து கிடந்த டேனியர்களை ஒன்று சேர்த்தவர். நாமும் டெலிபோனையும் கம்ப்யூட்டரையும் ஒன்று சேர்க்கப் பார்க்கிறோம். இந்தப் பெயரே இருக்கட்டும் என்றார். தாற்காலிகமாகத்தான். விளம்பர இலாகாக்காரர்கள் வேறு பெயர் தேடினார்கள். எதுவும் சரிப்படவில்லை. 1998 மே மாதம் எரிக்ஸன், இன்டெல், நோக்கியா, தோஷிபா, ஐபிஎம் ஆகிய ஐந்து கம்பெனிகளும் சேர்ந்து சங்கம் அமைத்தபோது நீலப் பல்லே நிலைத்துவிட்டது. நாவலாசிரியர்களால் உலகத்துக்கு என்ன உபயோகம் என்று கேட்பவர்களிடம் இனி நான் இதைச் சொல்லலாம்.

ஹரால்ட் ஆண்டது சுமார் 958 முதல் 986 வரை. இங்கே தஞ்சையில் ராஜராஜன் பட்டத்துக்கு வந்த 985-ஐ ஒட்டி, அங்கே அவருடைய கதை முடிகிறது. சொந்த மகன் ஸ்வெய்ன் கலகம் செய்தான். மன்னர் ஊரை விட்டோடி இறந்தார். ஜெல்லிங் என்ற ஊரில் தம் தந்தை கோர்முக்கும் தாய் தீராவுக்கும் அவர் நாட்டிய கல் இன்னும் நிற்கிறது. டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் தாம் வென்றதாகவும், டேனியர்களைக் கிறிஸ்தவர்களாக்கியதாகவும் அதில் வெட்டியிருக்கிறார். பல் நீலம் என்பது அவர் காலத்துக் கல்லில் இல்லை. அந்தப் பட்டம் 12-ஆம் நூற்றாண்டு ஏடுகளில்தான் முதலில் தென்படுகிறது. செத்துப்போய்க் கறுத்த பல்லாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். ஆயிரம் வருஷம் கழித்து, பண்டை நோர்ஸ் எழுத்தில் அவருடைய பெயரின் முதலெழுத்தையும் பட்டத்தின் முதலெழுத்தையும் பின்னி முத்திரையாக்கினார்கள். உங்கள் டெலிபோனில் இருக்கும் அந்த நீலச் சின்னம் அதுதான். ஒன்று சேர்த்த மன்னரின் குடும்பத்திலேயே ஒற்றுமை இல்லாமல் போனதைப் பெயர் வைத்தவர்கள் கவனிக்கவில்லையோ என்னவோ, புலவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதே கதைதான் நடந்தது.

லினக்ஸும் வடக்கத்திச் சரக்கே. 1991-இல் ஹெல்ஸிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கி வைத்தது. அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. உலகெங்கும் பல்லாயிரம் பேர் கை வைத்துக் கட்டிய சத்திரம். சத்திரம் என்றால் சௌகரியமும் உண்டு, சச்சரவும் உண்டு. புளூடூத்துக்கான பகுதியை முதலில் எழுதியது குவால்காம் கம்பெனி. புளூஸீ என்ற பெயரோடு 2001-இல் லினக்ஸின் கருவுக்குள் சேர்ந்தது. ஒலி வேறு மனிதர்களின் பொறுப்பு. ஆதியில் ஓஎஸ்எஸ் என்று ஒன்று. பிறகு யாரோஸ்லாவ் கிசெலா 1998-இல் தொடங்கிய ஆல்ஸா. அதன்மேல் லென்னார்ட் போட்டரிங் எழுதிய பல்ஸ்ஆடியோ. இந்தப் பல்ஸ்ஆடியோ 2007, 2008-இல் ஃபெடோராவிலும் உபுன்டுவிலும் குடியேறியபோது எழுந்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. ஒலி வந்த இடத்தில் வராமல் போயிற்று. ஆனால் கம்பியில்லாத ஹெட்போனைச் சொருகாமலே மாட்டிக்கொண்டு, பாட்டை நடுவில் நிறுத்தாமல் அதற்கு மாற்றும் வசதி அதனால்தான் கைகூடியது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குப் பின் விம் டைமன்ஸ் எழுதிய பைப்வயர் வந்தது. 2021-இல் ஃபெடோரா அதை ஏற்றது. புலவரின் கம்ப்யூட்டரில் இருப்பது இதுதான். இதைச் சொன்னால் அந்தக் கடைக்காரர் கோபித்துக்கொள்வார். ஆனால் உண்மை என்னவென்றால், நாங்கள் கண்டுபிடித்த நாலு கோளாறில் லினக்ஸின் தலையில் கட்டக்கூடியது ஒன்றுகூடத் தேறவில்லை.

முதற் கோளாறைப் புலவரே கண்டார். "எனக்கு எழுத்து எப்போது இரட்டிக்கிறது தெரியுமா தம்பி? புத்தகம் கேட்கிறபோது" என்றார். ஒலிப்பதிவு செய்த புத்தகங்களெல்லாம் கறுப்பு டப்பா மாதிரி ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. அதன் கம்பி கம்ப்யூட்டரின் பின்புறத்தில் சொருகியிருந்தது. அதற்கு ஒட்டி, பக்கத்துத் துளையில், கீபோர்டின் ரிசீவர். 2008-இல் வந்த யூஎஸ்பி 3.0 என்ற இணைப்பு ஒரு விநாடியில் ஐந்நூறு கோடி துணுக்குகளை அனுப்பும். அவ்வளவு வேகமாக அனுப்பும்போது கம்பியிலிருந்தும் சொருகியிலிருந்தும் இரைச்சல் கசிகிறது. அது விழும் இடம் சாட்சாத் இந்த 2,400 மெகாஹெர்ட்ஸ் புறம்போக்கேதான். இன்டெல் கம்பெனியே 2012-இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. விசையை அமுக்கினேன் என்ற சேதி போய்ச் சேருகிறது. விரலை எடுத்தேன் என்ற சேதி இரைச்சலில் தொலைகிறது. விரல் இன்னும் விசைமேல் இருப்பதாக நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் 'ககககக' என்று எழுதித் தள்ளுகிறது. மருந்து: ஒரு முழ நீளக் கம்பி. ரிசீவரை அதன் நுனியில் சொருகி மேஜையின் முன்பக்கம் கொண்டுவந்தோம். இரட்டிப்பு நின்றது.

குரல் திக்குவது இரண்டு காரணத்தால். ஒன்று, அந்தக் கம்ப்யூட்டரில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒரே சில்லு, ஒரே ஆன்டெனா. பேத்தி ஏதாவது பெரிய கோப்பை இறக்கினால் ஆன்டெனாவை வைஃபை பிடித்துக்கொள்ளும். புளூடூத் வாசலில் நிற்கும். வைஃபையை 5,000 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பட்டைக்கு மாற்றினாள் பேத்தி. அங்கே புளூடூத் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பாதிக்குமேல் சரியாயிற்று.

மீதிதான் எங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது. புலவர் தனியாக இருக்கும்போது குரல் ஒழுங்காக வரும். நாங்கள் போய் என்னவென்று பார்க்க உட்கார்ந்தால் திக்கும். "உங்களைக் கண்டால் அதற்குக் கூச்சம்" என்றார் அவர். லினக்ஸில் ஒரு நல்ல பழக்கம்: நடப்பதையெல்லாம் நாட்குறிப்பு எழுதி வைக்கும். அதைத் திறந்து ஓர்காவை வாசிக்கச் சொல்லி, கையை மோவாயில் வைத்துக்கொண்டு, சுவடி கேட்பவர் போலக் கேட்டார். குரல் அறுந்த நேரங்களையும் நாங்கள் வந்த நேரங்களையும் ஒத்துப் பார்த்தார். பிறகு, "நீங்கள் வந்ததும் முதலில் என்ன செய்கிறீர்கள்? வரிசையாகச் சொல்லு, அம்மா" என்று பேத்தியைக் கேட்டார்.

"புளூடூத் ஜன்னலைத் திறந்து பார்ப்போம் தாத்தா. ஹெட்போன் சேர்ந்திருக்கா இல்லையான்னு."

"மூடு அதை."

மூடினாள். குரல் தெளிந்தது. திறந்தாள், திக்கியது. விஷயம் இதுதான்: அந்த அமைப்பு ஜன்னல் திறந்திருக்கும் வரையில் கம்ப்யூட்டர், அக்கம்பக்கத்தில் புதிய கருவி ஏதாவது உண்டா என்று ஓயாமல் கூவித் தேடிக்கொண்டே இருக்கும். கூவும் நேரத்தில் ஹெட்போனோடு பாண்டி ஆட முடியாது. கடைக்காரர் வந்த அன்றும் அந்த ஜன்னலைத்தான் திறந்தார். திறந்தபடியே, மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போனார். கண்ணுள்ளவர்களுக்காக ஏற்பட்ட அந்த ஜன்னலைப் புலவர் தொடுவதே இல்லை. அவர் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிச் சேர்ப்பவர். அங்கே தேடு என்று சொன்னால்தான் தேடும். நாங்கள் இல்லாத நேரங்களில் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்திருந்தால் ஜன்னல் இராது, திக்கலும் இராது.

நாலாவது கோளாறு, கோளாறே அல்ல, சட்டம். வெளிநாட்டிலிருக்கும் மகன் கூப்பிட்டுப் பேசும்போது ஹெட்போனில் எல்லாமே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். ஓர்காவின் குரலும் கூடவே மங்கும். புளூடூத்தில் ஒலிக்கு இரண்டு வேஷம். ஒன்று கேட்க மட்டும்: இரண்டு காதுக்கும் தனித்தனியாக, சங்கீதத் தரத்தில் வரும், பேச முடியாது. மற்றொன்று டெலிபோன் வேஷம்: பேசலாம், கேட்கலாம், ஆனால் விநாடிக்கு 8,000 துண்டு, புதிய முறையில் 16,000 துண்டு ஒலிதான். சங்கீதத்தில் இது 44,100. யாராவது ஹெட்போனின் மைக்கைத் தொட்டதும் கம்ப்யூட்டர் தானாக வேஷம் மாற்றிவிடுகிறது. 2020-இல் அறிவித்த புதிய ஒலி முறையில் இந்தச் சங்கடத்துக்கு விமோசனம் உண்டு. அதற்கு ஹெட்போனும் புதிதாக வேண்டும், கம்ப்யூட்டரின் புளூடூத் சில்லும் புதிதாக வேண்டும்.

"வேண்டாம்" என்றார் புலவர். கம்பியுள்ள சிறிய மைக் ஒன்றை வாங்கி மேஜையில் வைத்தோம். பேசுவது அதில், கேட்பது ஹெட்போனில். ஹெட்போனின் மைக்கை யாரும் தொடாதபடி அமைப்பில் கேட்க மட்டும் என்ற வேஷத்தையே நிலையாக்கினாள் பேத்தி.

அன்று மாலையே வண்டிக்காரர் சொற்களில் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார். இருசு, கடையாணி, நுகத்தடி, பூட்டாங்கயிறு என்று விரல் தட்டத் தட்ட, அவர் காதுக்குள் ஒரு யந்திரக் குரல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போயிற்று. நடுவில் ஒரு தடவை நிறுத்தி, "இது 'பூட்டாங்கயிறு' என்பதைச் சரியாகச் சொல்லவில்லை தம்பி, 'ங்' அழுந்தவில்லை. இதை யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். மூலநிரல் திறந்து கிடக்கிறது, குரலைச் செய்கிறவர்களுக்கே எழுதலாம் என்று பேத்தி சொன்னாள். அந்தக் கடிதத்தையும் உடனே தட்ட ஆரம்பித்துவிட்டார்.